ஹேசரகட்டா, காட்டி சுப்ரமணியா பக்கம் மாடு படம் எடுப்பவர்கள் யாராவது? முட்டுகிற மாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிலா_வித்யாரண்யபுரம்:

எல்லோருக்கும் வணக்கம். பறவைப் படம் எடுக்கத்தான் பெங்களூர் பக்கத்து ஹேசரகட்டா புல்வெளிக்குப் போக ஆரம்பித்தேன். குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வந்து தங்கும் இடம் என்றார்கள். வரத்தான் செய்கின்றன, ஆனால் என் 55-250 லென்ஸில் புள்ளியாக விழுகின்றன. எதிரே மாடுகள் நிற்கின்றன. காலை ஏழரை மணி வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது காதோர மயிர் மட்டும் தனியாக மின்னுகிறதே, அதைப் பார்த்த பிறகு பருந்து மறந்துபோனது.

சிக்கல் என்னவென்றால் எனக்கு மாடு என்றால் பயம். சென்னையில் மூன்றாவது மாடியில் வளர்ந்தவள். பால் பாக்கெட்டைத் தவிர மாட்டோடு வேறு உறவு கிடையாது. போன ஞாயிறு ஒரு மந்தையின் ஓரத்தில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு செவலை மாடு மேய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. தலையைத் தாழ்த்தி நாலைந்து அடி முன்னால் வந்து 'புஸ்' என்று மூச்சு விட்டது. அதன் பின்னால் புல்லுக்குள் ஒரு கன்று படுத்திருந்தது. தூரத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து "ஹாயத்தே, ஹாயத்தே" (முட்டும், முட்டும்) என்று கத்தினார். நான் மதகுச் சுவரைச் சுற்றி மறுபக்கம் போய் நின்றேன். மாடு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேயப் போய்விட்டது.

முட்ட வருகிற மாட்டை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் போதும்? அப்புறம், சில ஊர்களில் கேமராவைப் பார்த்ததுமே மாட்டுக்காரர்கள் "பேடா, பேடா" (வேண்டாம், வேண்டாம்) என்று கையை ஆட்டுகிறார்கள். அது ஏன்?

ஜகன்_ஜாலஹள்ளி:

பயமில்லாமல் எடுக்க வேண்டுமென்றால் பசவனகுடி கோயில் நந்திதான். ஒரே கல், ஏறத்தாழ 15 அடி உயரம், முட்டாது, போஸ் மாற்றாது. ஆனால் அதற்கும் முன்கதை உண்டு. நிலக்கடலைக் காட்டைத் தின்று அழித்த காளையைச் சமாதானப்படுத்தத்தான் அந்தக் கோயிலையே கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கார்த்திகைக் கடைசித் திங்கட்கிழமை கடலைக்காய் பரிஷே என்கிற கடலைத் திருவிழா நடப்பதும் அதை வைத்துத்தான்.

கொங்குக்காரன்:

நிலா, பெரியவர் கத்தினார் என்றால் அந்த மாடு ஏற்கெனவே யாரையாவது தூக்கியிருக்கும். எந்த மந்தையிலும் முட்டுகிற மாடு எது என்று மேய்க்கிறவருக்குத் தெரியும். அதனால் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் நேராக அவரிடம் போய் "யாவுது ஹாயத்தே அண்ணா?" (எது முட்டும் அண்ணா?) என்று கேட்டுவிடுங்கள். படம் எடுக்கட்டுமா என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். இதைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார்கள். எது முட்டும், எது உதைக்கும், எது போன வருஷம் யாரை வேலி தாண்ட வைத்தது என்று வரிசையாகச் சொல்வார்கள். அதற்குள் உங்களுக்கு அனுமதியும் கிடைத்திருக்கும்.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம், இப்போது எலெக்ட்ரானிக் சிட்டி வாசம். இங்கே நண்பர்களோடு கிராமத்துப் பக்கம் போகும்போது கவனிக்கிறேன், எல்லோரும் கொம்பைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பின்னால் வளைந்து ஏறிய கொம்போடு ஹள்ளிகார் இன எருது ஜோடி நின்றால் தெருவின் அந்தப் பக்கமாக நடக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கொம்பு சுட்ட கருப்பு வெள்ளைச் சீமைப் பசு கன்றோடு நின்றால் அதன் நெற்றியைத் தடவப் போகிறார்கள்! வண்டியிலும் ஏரிலும் பழகிய எருது காயடித்தது, நாள் முழுக்க மனிதக் கை பட்டே வளர்ந்தது. கன்று போட்டு இரண்டு நாள் ஆன பசு எந்த ஜாதியானாலும் யாரையும் நம்பாது. கொம்பு இல்லாவிட்டால் நெற்றியாலேயே சுவரோடு வைத்து அழுத்தும். நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பு அது.

கால்நடைக்காரி:

தேவனஹள்ளி பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன், நாமக்கல்லில் படித்தவள். கொங்குக்காரன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். தலையைத் தாழ்த்தினாலே கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே 300 பாகைக்கும் மேல் பார்த்துவிடும். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற பகுதி முன்னால் மட்டும்தான், அதுவும் குறுகலானது. புதிதாக ஒன்றைப் பார்த்தால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கத் தலையைத் தாழ்த்தி நேராகப் பார்க்கும். அப்போது மூக்கு முன்னால் நீண்டிருக்கும், காது இரண்டும் உங்கள் பக்கம் விரிந்திருக்கும், மோப்பம் பிடிக்கும். அது வேடிக்கை பார்க்கிற மாடு. மோவாயை உள்ளே இழுத்து, நெற்றியை முன்னால் கொடுத்து, கழுத்து விறைத்து நின்றால் கதை வேறு. முன்னங்காலால் மண்ணைக் கிளறுவது, சீறுவது, கொம்பால் மண்மேட்டைக் குத்துவது எல்லாம் அதற்கடுத்த கட்டம்.

புகைப்படக்காரர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. காளை உங்களுக்குக் குறுக்கே திரும்பி, முதுகை லேசாக வளைத்து, திமிலும் அலைதாடியும் (கழுத்துக்குக் கீழே தொங்கும் தோல்) முழுதாகத் தெரியும்படி பக்கவாட்டில் நிற்கும். சட்டகத்துக்குள் அற்புதமாக இருக்கும். அது உங்களை மிரட்டுகிற நிலை. 'என் அளவைப் பார்த்துக்கொள்' என்கிறது. அந்த ஒரு படத்தோடு மெதுவாகப் பின்வாங்கி விடுங்கள்.

நிலா, நீங்கள் சொன்ன செவலை மாடு கன்றை மறைத்து நின்றிருக்கிறது, சீறியிருக்கிறது. சுவருக்குப் பின்னால் போனதுதான் சரி.

தூரம் பற்றிக் கேட்டீர்கள். டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியை மாடுகளைக் கையாளும் முறை பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் ஓர் எல்லை உண்டு, அதற்குள் ஆள் நுழைந்தால் மாடு விலகும், ஆள் வெளியேறினால் நின்றுவிடும் என்பது அவர் விளக்கம். தினமும் கையால் தவிடு வாங்கித் தின்கிற மாட்டுக்கு அந்த எல்லையே இல்லை. புல்வெளியில் விட்டு மேய்கிற மாட்டுக்குப் பல மீட்டர் இருக்கும். மேய்கிற மாடு தலையை நிமிர்த்தி மெல்லுவதையும் நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தால் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் மறுபடி குனிந்துவிடும். நடந்து போகிற மாட்டை எடுக்க அதன் தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் தள்ளி வந்தால் அது முன்னால் போய்க்கொண்டே இருக்கும். தோளுக்கு முன்னால் வந்தீர்களானால் நின்றுவிடும் அல்லது திரும்பும். வாலுக்கு நேர் பின்னால் மட்டும் வேண்டாம், அந்த இடம் அதன் கண்ணுக்குத் தெரியாது.

ஜகன்_ஜாலஹள்ளி:

சிவப்புச் சட்டை போட்டால் துரத்தும் என்பது?

கால்நடைக்காரி:

இல்லை. நமக்கு நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை, மாட்டுக்கு இரண்டு வகைதான். சிவப்பும் பச்சையும் நம்மைப் போல அதற்குப் பிரியாது. சட்டை என்ன நிறம் என்பதை விட, காற்றில் படபடக்கிற துப்பட்டா, சட்டென்று விரிகிற குடை, பளபளக்கிற ரிஃப்ளெக்டர் தட்டு இவைதான் மிரட்டும்.

லென்ஸ்_பெரியப்பா:

ஜயநகர். ஃபிலிம் காலத்திலிருந்து எடுக்கிறேன். பாப்பா நிலா, உன் 55-250 போதும். மாட்டு முகத்தை 18 எம்எம் வைட் லென்ஸில் கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் கண் சிறிதாகவும் கார்ட்டூன் மாதிரி வரும். 100க்கு மேலே போனால்தான் முகம் முகமாக இருக்கும், ஹள்ளிகாரின் நீளமுகம் என்றால் இன்னும் முக்கியம்.

வைட் லென்ஸில் இன்னொரு ஆபத்து உண்டு. அதை யாரும் எழுதுவதில்லை. 18லோ, ஃபோனில் 0.5லோ வைத்துக்கொண்டு திரையை மட்டும் பார்த்து நடந்தால், கைக்கெட்டும் தூரத்து மாடு எங்கோ நிற்பதாகத் தெரியும். 'இன்னும் கொஞ்சம் கிட்டே' என்று கால் தானாக நகரும். தூரத்தை இழுத்துக் காட்டுகிற டெலி லென்ஸில் ஆள் தள்ளி நிற்க வேண்டியிருப்பதால் அந்த வம்பு குறைவு. ஆனால் டெலி பார்வையை அடைத்துவிடும், பக்கத்தில் வருகிற இன்னொரு மாடு தெரியாது. வலது கண் வ்யூஃபைண்டரில் இருக்கும்போது இடது கண்ணைத் திறந்தே வைக்கப் பழகிக்கொள்.

மாட்டின் கண் உயரத்துக்குக் கேமரா இறங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். அதற்காக மண்டி போடாதே. எழுந்திருக்க நேரமாகும். தவிர, இளங்கிடேரிகள் உட்கார்ந்திருக்கிற ஆளை அதிசயமாகப் பார்த்துக் கூட்டமாக நெருங்கி வரும். கேமராவை மார்புக்குக் கொண்டுவந்து மடக்குத் திரையை வெளியே இழுத்துப் பார். அந்த உயரமே போதும்.

வெளிச்சம். வெள்ளை மாடு சட்டகத்தை நிறைத்தால் கேமராவின் ஒளி மீட்டர் அதைச் சாம்பலாக்கும், வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் ஏற்று. எருமைக்கு நேர்மாறு. கருப்பைப் பார்த்து மீட்டர் வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும், ஒரு ஸ்டாப் வரை குறை. அப்போதுதான் எருமைத் தோலின் அந்த எண்ணெய்ப் பளபளப்பு நிற்கும். ஃபிளாஷ் தொடாதே. கண்ணுக்குள் பின்புறம் இருக்கிற படலம் அதைத் திருப்பி அடித்து இரண்டு பச்சை பல்பு எரியும், படமும் போச்சு, மாடும் மிரண்டது.

அமுதா_ஆனேக்கல்:

நான் படம் எடுப்பவள் அல்ல, மாடு வளர்க்கிற வீட்டுப் பெண். தம்பி இந்த இழையை அனுப்பிப் படிக்கச் சொன்னான். "பேடா" என்று ஏன் சொல்கிறோம் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேமரா மாட்டிக்கொண்டு வருகிறீர்கள். அது எங்களுக்குப் பால் கறக்கிற நேரம். கறந்து ஆறரைக்குள் டைரியில் ஊற்றியாக வேண்டும். கறக்கும்போது பழகாத ஆள் தொழுவத்துக்குள் வந்தால் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். ஒரு லிட்டர் குறைந்தால் அந்த நஷ்டத்தை யார் தருவது? எட்டு மணிக்கு மேல் வாருங்கள், டீ போட்டே தருகிறேன்.

அடுத்தது, திருஷ்டி. சிரிக்காதீர்கள். எங்கள் மாமியார் கன்றுக்குட்டி கழுத்தில் கருப்புக் கயிறு கட்டாமல் வெளியே விடமாட்டார். சினை மாட்டைப் படம் எடுக்கவும் சம்மதிக்க மாட்டார். அவர் மாடு, அவர் இஷ்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு கோடைக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ஒருவருடைய மாட்டை யாரோ படம் எடுத்துப் போனார்கள். வயதான மாடு, தீவனம் விலை ஏறிய நேரம், எலும்பு தெரிந்தது. 'பட்டினி போட்டுக் கொல்கிறார்கள்' என்று எழுதி அதை எங்கெங்கோ பரப்பிவிட்டார்கள். அந்த மாட்டுக்கு வைத்தியம் பார்க்க அவர் மனைவி தோட்டை அடகு வைத்தது யாருக்குத் தெரியும்? இப்போது அந்தத் தெருவில் கேமராவைப் பார்த்தால் மாட்டுக்கு முன்னால் மனிதர்கள் முட்டுவார்கள்.

நிலா_வித்யாரண்யபுரம்:

அமுதா அக்கா, எழுதியதற்கு நன்றி. பால் கறக்கிற நேரம் பற்றி இங்கே யாருமே சொன்னதில்லை. எட்டு மணி என்றால் ஜனவரியில் வெளிச்சம் இன்னும் சாய்வாகத்தான் இருக்கும், சூரியன் உதிப்பதே ஆறே முக்காலுக்குத்தானே. எனக்கு அது போதும்.

நகர்_உலாவி:

அமுதா மேடம் சொல்லாமல் விட்ட ஒன்று. கர்நாடகாவில் 2021ல் புதிய பசுவதைத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு மாட்டை விற்க, வண்டியில் ஏற்றிப் போக எல்லாவற்றுக்கும் பயம். சந்தையிலிருந்து திரும்புகிற வண்டியை நோக்கி யாராவது கேமராவைத் தூக்கினால் ஓட்டுநருக்கு வயிற்றைக் கலக்கும், வாங்கியது உழவு மாடாகவே இருந்தாலும். வழியில் நிற்கிற மாட்டு வண்டியை, ஏற்றி இறக்குகிற இடத்தை நான் எடுப்பதே இல்லை. இந்தச் சட்டம் யாருக்காக என்று கேட்டால்...

மட்டுறுத்துநர்:

இதற்குக் கீழே வந்த ஏழெட்டுப் பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சட்டம் சரியா தவறா என்பதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். நகர்_உலாவி சொன்ன நடைமுறைச் செய்தி மட்டும் இங்கே இருக்கட்டும்.

கொங்குக்காரன்:

தலைப்பில் காட்டி என்று இருக்கிறதே, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தொட்டபள்ளாபுரம் தாண்டி காட்டி சுப்ரமணியாவில் டிசம்பர், ஜனவரி வாக்கில் கூடுகிற மாட்டுச் சந்தை. பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டர்தான். ஹள்ளிகார் ஜோடிகளை ஒரே இடத்தில் பார்க்க இதைவிடப் பக்கத்தில் எதுவும் இல்லை. சிவராத்திரி சமயத்தில் தும்கூர் சித்தகங்கா சந்தையும் உண்டு. 2022ல் தோல் கழலை நோய் பரவியபோது பல சந்தைகளை நிறுத்தினார்கள், அதனால் கிளம்புவதற்கு முன்னால் இந்த வருஷம் கூடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹள்ளிகார்தான் பழைய மைசூர் மாட்டு இனங்களுக்கு வேர் என்பார்கள். திப்பு காலத்துப் படைக்குப் பீரங்கியும் மூட்டையும் இழுத்த அம்ருத் மஹால் மாடுகளும் அந்த வழிதான். 2000த்தில் தபால் துறை இந்திய மாட்டு இனங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது ஹள்ளிகாரும் எங்கள் காங்கேயமும் சேர்ந்தே வந்தன. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, மன்னிக்கவும்.

சந்தையில் எல்லா மாடும் முளைக்குச்சியில் கட்டித்தான் இருக்கும், அதனால் பயமில்லை என்று நினைப்பார்கள். கட்டிய மாட்டுக்கு ஓட வழியில்லை, அதனால் உதைக்கும். மாடு பின்னால் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் காலை வீசி உதைக்கும். இரண்டு வரிசைகளுக்கு நடுவில் பின்புறமாக நுழைந்து போகாதீர்கள். கயிற்றைத் தாண்டும்போது கீழே பாருங்கள். தரையோடு தளர்ந்து கிடக்கிற கயிறு மாடு தலையைத் தூக்கியதும் முழங்கால் உயரத்துக்கு விறைத்து நிற்கும். கூட்டத்தில் விழுந்தவர்களில் பாதிப்பேர் கயிற்றில் விழுந்தவர்கள்தான், கொம்பு பட்டு அல்ல. மேளக்காரர்கள் நுழைகிற நேரத்தில் ஜோடிகளுக்கு நடுவே நிற்க வேண்டாம்.

வெயிலேறிய பிறகு பேரம். துண்டைப் போர்த்தி அதற்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள், பல்லைப் பிரித்து வயது பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். அந்தக் கைகளை எடுக்கலாம். ஆனால் பேரம் முடிகிற நேரத்தில் குறுக்கே தலையை நீட்டினால் தரகர் சும்மா விடமாட்டார்.

லென்ஸ்_பெரியப்பா:

துண்டுக்குள் கை, பீடி குடிக்கிற தாத்தா, கொம்புக்கு நடுவே தெரிகிற சூரியன். காட்டியிலிருந்து வருகிற படமெல்லாம் இந்த மூன்றுதான். போட்டிகளுக்கு நடுவராக உட்கார்ந்து பார்த்துச் சலித்துவிட்டது. அங்கே ராத்திரி தங்குகிற குடும்பங்கள் இருக்கிறார்கள், பந்தல் போட்டு மாட்டுக்குப் படுக்க வைக்கோல் விரித்து, தங்களுக்கு வெறும் கோணிப்பை. மாடு என்ன தின்கிறது, ஆள் என்ன தின்கிறான் என்று எடுத்துப் பாருங்களேன்.

கொங்குக்காரன்:

பெரியப்பா, முதல் முறை போகிறவர்கள் கொம்புக்கு நடுவே சூரியனை எடுக்கட்டும். அதை எடுத்துத் தீர்த்தால்தானே அடுத்தது கண்ணில் படும்.

ஜகன்_ஜாலஹள்ளி:

டிரோன்? மேலிருந்து மந்தை நிழலோடு எடுத்தால் நீள நீளமாக நிழல் விழும், அருமையாக இருக்கும்.

கால்நடைக்காரி:

தயவுசெய்து வேண்டாம். மாட்டுக்கு நம்மைவிட உயர்ந்த அலைவரிசைகள் கேட்கும், அந்தச் சத்தம் நமக்குக் கேட்பதைவிட மோசமாக அதற்குக் கேட்கக்கூடும். மந்தை மொத்தமாக ஓடினால் வேலிக்கம்பியில் மடி கிழியும், சினை மாடு விழும். தவிர, தேவனஹள்ளி பக்கம் விமான நிலையம் இருக்கிறது, அங்கே பறக்கவிட்டால் மாட்டுக்காரருக்கு முன்னால் போலீஸ் வருவார்கள்.

எழுத வந்தது வேறு விஷயம். நாயைக் கூட்டிக்கொண்டு புல்வெளிக்கு நடைபயிற்சி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கன்றோடு இருக்கிற மாட்டுக்கு நாய் என்றால் பகை. துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும், மாடும் அதன் பின்னால்தான் போகும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் நாய் உங்கள் காலுக்குப் பின்னால் ஒளியும், இடி உங்களுக்கு விழும்.

நாய் இல்லாமல் தனியாக இருக்கும்போது மாடு வந்தால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள். முகம் அதன் பக்கம் இருக்கட்டும், பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து விலகி, மரம், மதகு, கார், வேலி ஏதாவது ஒன்றை நடுவில் கொண்டுவாருங்கள். கேமராப் பையைக் கழற்றி வேறு பக்கம் வீசினால் அதன் கவனம் சில நொடிகள் அங்கே போகலாம். இதற்காகத்தான், எடுக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே 'ஓட வேண்டி வந்தால் எங்கே' என்று ஓர் இடத்தைப் பார்த்து வைக்கச் சொல்கிறேன். மந்தைக்கும் தண்ணீருக்கும் நடுவிலும், மந்தைக்கும் வீட்டு வழிக்கும் நடுவிலும் நிற்காதீர்கள். சாயங்காலம் மடி கனத்துத் திரும்புகிற மாடு யாருக்காகவும் நிற்காது.

கொம்பு குத்தினால் வெளியே பார்க்கச் சின்ன ஓட்டையாக இருக்கும், உள்ளே ஆழமாகக் கிழித்திருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டெட்டனஸ் ஊசியும் போடுங்கள். இன்னொரு எச்சரிக்கை. வாயில் எச்சில் ஒழுக, அடைத்த குரலில் விடாமல் கத்திக்கொண்டு, எதைக் கண்டாலும் முட்டப் போகிற மாட்டைப் பார்த்தால் படம் எடுக்கக் கிட்டே போகவே போகாதீர்கள். வெறிநாய் கடித்த மாடாக இருக்கலாம். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டவர்களுக்கெல்லாம் நாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசி வரிசையைப் போட வேண்டி வந்திருக்கிறது.

அமுதா_ஆனேக்கல்:

டாக்டரம்மா சொன்னதோடு செருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தொழுவத்துச் சாணியை மிதித்துவிட்டு அப்படியே அடுத்த வீட்டுத் தொழுவத்துக்குள் வராதீர்கள். கோமாரி அப்படித்தான் ஊர்விட்டு ஊர் போகும். வாசலில் தண்ணீர் கேளுங்கள், தருவோம்.

நிலா_வித்யாரண்யபுரம்:

சங்கராந்திக்குக் கிச்சு ஹாயிப்பது எடுக்கலாம் என்று இருக்கிறேன். சாயங்காலம் வைக்கோலைக் கொளுத்தி மாட்டை அதன் மேல் தாண்ட விடுவார்களே, அது. அமுதா அக்கா ஊரிலும் உண்டா? எங்கே நிற்பது?

அமுதா_ஆனேக்கல்:

உண்டு. மஞ்சள் தடவி, கொம்புக்கு வண்ணம் பூசி, பலூன் கட்டிக் கூட்டி வருவோம். மாடு தாண்டி வந்து இறங்குகிற பக்கம் நிற்கவே கூடாது. நெருப்பைத் தாண்டியதும் அதற்குக் கண்மண் தெரியாது, கயிற்றைப் பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு ஓடும். எல்லோரும் அந்தப் பக்கம்தான் போய் நிற்கிறார்கள், படம் அங்கேதான் நன்றாக வருமாம். ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணை மேலே ஏறி நில்லுங்கள். எங்கள் திண்ணையே இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்க.

லென்ஸ்_பெரியப்பா:

திண்ணை என்றால் பக்கவாட்டுக் கோணம், மாடு காற்றில் இருக்கும்போது நாலு காலும் தெரியும், அதுதான் நல்ல இடம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200க்குப் பயப்படாதே, ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். நெருப்புக்கு மீட்டர் பார்த்தால் மாடு கருத்துவிடும், முன்னாலேயே மேனுவலில் வைத்துவிடு. இருட்டிய பிறகு வருகிற மாடுகளுக்கு ஷட்டரை 1/30க்கு இறக்கி மாட்டோடு கேமராவைத் திருப்பிப் பார், பத்தில் ஒன்று தேறும்.

ஜகன்_ஜாலஹள்ளி:

நெருப்பைத் தாண்ட விடுவது மாட்டுக்குக் கொடுமை இல்லையா?

அமுதா_ஆனேக்கல்:

உண்ணி உதிரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உதிர்கிறதா என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் சினை மாட்டையும் கன்றையும் விடுவதில்லை, மிரளுகிற மாட்டை ஓரமாக நடத்திக் கூட்டிப் போய்விடுவோம். சில தெருவில் நெருப்பை ஆளுயரம் ஏற்றி ஆட்டம் காட்டுகிறார்கள். அதை எனக்கும் பிடிக்காது. அதை எடுத்துப் போட்டால் திட்டமாட்டேன்.

நிலா_வித்யாரண்யபுரம்:

வருகிறேன் அக்கா. கடைசியாக ஒன்று. ஹேசரகட்டா பெரியவரிடம் போன ஞாயிறு எடுத்த படங்களைத் திரையில் காட்டினேன். செவலையைப் பார்த்துவிட்டு, அதை விட்டு அவருடைய வெள்ளை எருது ஜோடியைத்தான் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார். சுவரில் மாட்ட வேண்டுமாம். பணம் கொடுப்பதா, பிரிண்ட் கொடுப்பதா என்று இங்கே வேறொரு இழையில் சண்டை நடந்தது தெரியும். அவர் பிரிண்ட் கேட்டுவிட்டார். என்ன அளவு போடுவது?

லென்ஸ்_பெரியப்பா:

6×8 வேண்டாம். உன் கேமராப் படம் 3க்கு 2 அளவு, ஸ்டுடியோவில் 6×8க்குப் போட்டால் நீளவாட்டில் ஓரம் வெட்டுப்படும். 8×12 கேள், முழுதாக வரும். ஃபோனில் எடுத்த படமாக இருந்தால்தான் 6×8 பொருந்தும். பளபளப்புத் தாள் கிராமத்து வீட்டில் ஒரு மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், மேட் தாளில் போட்டு ஃபிரேமுக்குள் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்.

கொங்குக்காரன்:

கொம்பு நுனி இரண்டும் சட்டத்துக்குள் இருக்கிறதா என்று கொடுப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். அரை அங்குலம் வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டமாட்டார்.